சாமி கும்பிடுவதும் சாமி பெயரால் ஓட்டுக் கேட்பதும்

வாசகர் கேள்வி – பதில்

மத அடிப்படைவாதம் மக்களாட்சி அரசியலை எப்படிப் பாதிக்கிறது என்பது பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கி, ஏழுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊரையும் தொழிலையும் மட்டுமே குறித்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, பாடலீஸ்வரரைக் கும்பிடாமல் காலையில் காபிகூடக் குடிக்காதவன் நான். இப்போது யாரைப் பார்த்தாலும் ‘அடிப்படைவாதி’ என்கிறார்கள். நானும் அடிப்படைவாதியா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: இல்லை, நீங்கள் பக்தர். இந்தச் சொல் வசவாகப் பிறந்தது அல்ல என்பதை ஆசிரியரான உங்களுக்குச் சொல்ல வேண்டும். டார்வினின் கொள்கையையும் விவிலியம் பற்றிய புதிய ஆராய்ச்சிகளையும் ஏற்காத அமெரிக்கக் கிறிஸ்தவர்கள் சிலர், தங்கள் சமயத்தின் அடிப்படைகள் எவை என்பதை விளக்கும் கட்டுரைகளை 1910 முதல் 1915 வரை 12 தொகுதிகளாக அச்சிட்டு இலவசமாக அனுப்பினார்கள். அதன் தொடர்ச்சியாக, 1920-ல் அந்த அணியைச் சேர்ந்த ஒரு பத்திரிகை ஆசிரியர் தம் அணியினருக்குப் பெருமையோடு சூட்டிய ஆங்கிலப் பெயரின் தமிழாக்கம்தான் இது.

அதுவரை வாதம் தேவாலயத்துக்குள் நடந்தது. அதில் மற்றவர்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை. 1925-ல் டென்னசி மாநிலச் சட்டமன்றம், மனிதன் கீழ்நிலை உயிர்களிலிருந்து தோன்றினான் என்று அரசுப் பள்ளியில் கற்பிப்பதைக் குற்றமாக்கியபோது வாதம் வாசற்படியைத் தாண்டியது. டேட்டன் என்ற சிற்றூரில் ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியருக்கு 100 டாலர் அபராதம் விதித்தார்கள். அபராதம் பிறகு மேல்முறையீட்டில் நீக்கப்பட்டது. சட்டமோ 1967 வரை நீடித்தது. தன் நூல் சொல்வதே முடிந்த முடிவு என்று ஒருவர் நம்புவது அவருடைய சமயம். அந்த முடிவை ஏற்காதவர்களுக்கும் அதுவே சட்டமாக வேண்டும், அதைக் கேள்வி கேட்பது குற்றமாக வேண்டும் என்று அவர் அரசிடம் போய் நிற்கும்போது அது அடிப்படைவாதமாகிறது. பக்கத்து வீட்டுக்காரரும் சாமி கும்பிடாமல் காபி குடிக்கக் கூடாது என்று மாநகராட்சியில் தீர்மானம் கேட்கும் எண்ணம் உங்களுக்கு வந்தால், அப்போது மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: பெரும்பான்மை மக்கள் தங்கள் மதப்படியே சட்டம் வேண்டும் என்று வாக்களித்தால் அதுவும் ஜனநாயகம்தானே? மக்கள் விருப்பத்தை மறுப்பதற்கு நாம் யார்?
– கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை

பதில்: இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது, மக்கள் விருப்பம் என்பதுதான் மக்களாட்சியின் ஆணிவேர். ஆனால் பெரும்பான்மை என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கிறோம். நெல் கொள்முதல் விலை, மீன்பிடித் தடைக்கால நிவாரணம், மின்கட்டணம் ஆகியவற்றில் இந்த முறை தோற்ற அணி அடுத்த முறை வெல்லலாம். இன்று என்னோடு நின்றவர் நாளை உங்களோடு நிற்கலாம். இந்தப் பெரும்பான்மையைத் தேர்தலுக்குத் தேர்தல் பேசிப் பேசிச் சேர்க்க வேண்டும். மதத்தின் பெயரால் வரும் பெரும்பான்மையை யாரும் சேர்க்க வேண்டியதில்லை, அது தொட்டிலிலேயே எண்ணி முடிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் வாக்குப்பதிவு நடந்தால், அது ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகிவிடும். தோற்றவருக்கு அடுத்த முறை என்று ஒன்று இருக்காது.

நம் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் இதை அனுபவித்து அறிந்தவர்கள். 1909-ல் மிண்டோ–மார்லி சீர்திருத்தம் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகளைக் கொடுத்தது. அதற்குப் பின் வந்த ஏற்பாடுகள் அதை மேலும் சில சமூகங்களுக்கு விரித்தன. தன் மதத்தார் மட்டுமே தனக்கு ஓட்டுப் போடுவார்கள் என்றால், அடுத்த தெரு மதத்தாரிடம் இணக்கமாகப் பேச வேண்டிய தேவை எந்த வேட்பாளருக்கும் இல்லை. கடுமையாகப் பேசுகிறவரே கெட்டிக்காரர். 1947-க்குப் பிறகு அந்த ஏற்பாட்டை ஒழித்து, ஒரு தொகுதிக்கு ஒரே பொது வாக்காளர் பட்டியல்தான், மதம், இனம், சாதி, பால் காரணமாக எவரையும் அதிலிருந்து விலக்க முடியாது என்று 325-ஆம் கூறில் எழுதி வைத்தார்கள். அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தக் கூறைப் பற்றி நாம் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் குறை.

ஈரானையும் பாருங்கள். அங்கே தேர்தல் நடக்கிறது, மக்கள் வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். ஆனால் யார் போட்டியிடலாம் என்பதை 12 பேர் கொண்ட காவலர் குழு முன்கூட்டியே வடிகட்டுகிறது. அவர்களில் ஆறு பேர் உச்சத் தலைவரே நியமிக்கும் மார்க்க அறிஞர்கள். நாடாளுமன்றம் இயற்றும் சட்டம் சமய நெறிக்கு ஒத்ததா என்று பார்ப்பதும் அதே குழுதான். 1979-ல் மக்கள் வாக்களித்து ஏற்றுக்கொண்ட ஏற்பாடு இது. பின்னாளில் மனம் மாறி அது வேண்டாம் என்று வாக்களிக்க அவர்களுக்கு இன்றுவரை ஒரு பெட்டி வைக்கப்படவில்லை. உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான்: மக்கள் எதற்கும் வாக்களிக்கலாம், நாளை அதே மக்கள் மனம் மாறுவதற்கான வழியை அடைப்பதற்குத் தவிர.

கேள்வி: எந்த ஊரிலும் மத வெறியர்கள் பத்துப் பேர்தான் இருப்பார்கள். கடை வைத்திருக்கிற எனக்குத் தெரியும், ஜனங்களுக்குப் பிழைப்பே பெரிது. பிறகு அந்தப் பத்துப் பேர் எப்படி ஒரு நாட்டின் அரசியலையே திருப்புகிறார்கள்?
– மளிகைக் கடைக்காரர், மஞ்சக்குப்பம்

பதில்: அவர்கள் சொந்த பலத்தில் நுழைவது அபூர்வம். மத நம்பிக்கையில் அவ்வளவு தீவிரம் இல்லாத அரசியல்வாதிகள், ஒரு தேர்தலுக்கான ஓட்டுக்காகவோ ஒரு நெருக்கடியைச் சமாளிப்பதற்காகவோ கதவைத் திறந்துவிடுகிறார்கள். நான் படித்த வரலாறுகளில் இது திரும்பத் திரும்ப வருகிறது.

கடலுக்கு அக்கரையிலிருந்து தொடங்குவோம். 1956-ல் இலங்கையில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்ததில் ஊர் ஊராகப் போய்ப் பிரசாரம் செய்த புத்த பிக்குகளின் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. அவரோ ஆக்ஸ்போர்டில் படித்தவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து பின்னர் பௌத்தரானவர். சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் அந்த ஆண்டே வந்தது. பிறகு நிலைமையின் கடுமையை உணர்ந்து, 1957 ஜூலையில் ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவுடன் ஓர் உடன்பாடு செய்துகொண்டார். 1958 ஏப்ரலில் பிக்குகள் அவர் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். உடன்பாட்டைக் கைவிடுவதாக அவர் எழுதிக்கொடுத்த பிறகே எழுந்தார்கள். அடுத்த மாதமே தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்தது. 1959 செப்டம்பர் 25-ஆம் தேதி காவி உடுத்த ஒருவரே அவரைச் சுட்டார், மறுநாள் இறந்தார். சதியின் மூளையாகத் தண்டிக்கப்பட்டவர், 1956-ல் அவருக்காகப் பாடுபட்ட களனி விகாரையின் தலைமைப் பிக்கு. கொலைக்குப் பின்னால் பணத் தகராறும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த ஆள் பிரதமரின் வீட்டுக்குள் தடையின்றி வந்துபோகும் செல்வாக்கைப் பெற்றது எப்படி என்பதே நம் கேள்வி.

பாகிஸ்தானில் ஜுல்பிகர் அலி புட்டோ. நவநாகரிகப் பழக்கங்களை மறைக்காதவர், சோஷலிசம் பேசியவர். மத அமைப்புகளின் நெருக்குதலில் 1974-ல் அகமதியா என்ற சமயப் பிரிவினரை முஸ்லிம்கள் அல்லர் என்று அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதினார். ஒருவர் எந்த மதத்தவர் என்பதை நாடாளுமன்றம் வாக்கெடுத்து முடிவு செய்த விந்தை அது. 1977-ல் போராட்டம் முற்றியபோது மதுவைத் தடை செய்து, வார விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். ஒன்றும் பலிக்கவில்லை. அந்த ஜூலையில் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்தார். 1979 ஏப்ரலில் புட்டோ தூக்கிலிடப்பட்டார். வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொண்ட கதைதான்.

நம் நாட்டுக்கு வருவோம். 1985 ஏப்ரலில், ஷா பானு என்ற இந்தூர் மூதாட்டிக்கு விவாகரத்து செய்த கணவர் ஜீவனாம்சம் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாதம் 179 ரூபாய் 20 காசு, அவ்வளவுதான் தொகை. மார்க்கத் தலைவர்கள் கொதித்தார்கள். மக்களவையில் நானூற்றுக்கும் மேற்பட்ட இடங்களைக் கையில் வைத்திருந்த ராஜீவ் காந்தி அரசு, அத்தனை பலம் இருந்தும் பணிந்து, 1986 மே மாதத்தில் தீர்ப்பின் விளைவை மாற்றச் சட்டம் கொண்டுவந்தது. அதற்கு முன்பே, பிப்ரவரி முதல் தேதி, ஃபைசாபாத் மாவட்ட நீதிபதியின் உத்தரவுப்படி அயோத்தியில் பாபர் மசூதியின் பூட்டு இந்துக்கள் வழிபடுவதற்காகத் திறக்கப்பட்டது. அரசு நிர்வாகம் அதை எதிர்க்கவில்லை. இந்தப் பக்கம் ஒன்று கொடுத்தோம், அந்தப் பக்கமும் ஒன்று கொடுத்துவிடுவோம் என்று தராசு பிடித்ததாகவே அன்று பலரும் புரிந்துகொண்டார்கள். நானும் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். 1984-ல் 2 இடங்களில் வென்ற பாரதிய ஜனதா கட்சி 1989-ல் 85 இடங்களைப் பிடித்தது. போபர்ஸ் ஊழல் புகாரும் தொகுதி உடன்பாடுகளும் அதற்குத் துணை செய்தன என்பது உண்மை. தராசு பிடித்தவர்களுக்கு இரண்டு தட்டிலிருந்தும் ஒன்றும் மிஞ்சவில்லை என்பதும் உண்மை. 1992 டிசம்பர் 6-ஆம் தேதி மசூதி இடிக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறாக நடந்ததும் நம் நாட்டில்தான். இந்துப் பெண்களுக்கு விவாகரத்து உரிமையும் சொத்துரிமையும் தரும் சட்டத் தொகுப்பை மடாதிபதிகளும் காங்கிரசுக்குள்ளேயே இருந்த பழமைவாதிகளும் எதிர்த்தார்கள். அது முடங்கியதால் 1951-ல் அம்பேத்கர் அமைச்சர் பதவியை விட்டு விலகினார். முதல் பொதுத்தேர்தலில் அலகாபாத் பக்கத்துத் தொகுதியில் நேருவை எதிர்த்து, அந்த மசோதாவை எதிர்ப்பதையே கொள்கையாக வைத்துப் பிரபுதத் பிரம்மச்சாரி என்ற சாமியார் நின்றார். நேரு பின்வாங்கவில்லை, வென்றார். 1955, 1956-ஆம் ஆண்டுகளில் சட்டங்கள் தனித்தனியாக நிறைவேறின. முதல் முயற்சியில் அம்பேத்கரைக் கைவிட்டது நேருவின் குறை என்றே எண்ணுகிறேன். ஆனாலும் மக்களிடம் நேராகப் போய் நின்றால் அவர்கள் மடாதிபதிகளின் சொல்லையே கேட்பார்கள் என்ற அச்சம் வீண் என்பதை அந்தத் தேர்தல் காட்டியது. உங்கள் கடைக்கு வருகிறவர்களைப் பற்றி நீங்கள் சொல்வதும் அதைத்தானே?

கேள்வி: புதுச்சேரியில் மதச் சண்டை என்பதே கிடையாது, பிரெஞ்சுக்காரர்கள் கற்றுக்கொடுத்த சமத்துவம் அது என்று வெளியூர்க்காரர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம். உண்மைதானா?
– ஆட்டோ ஓட்டுநர், முத்தியால்பேட்டை

பதில்: சம்பா கோவில் என்று நாம் சொல்லும் மாதா கோயில் வழியாக நாள்தோறும் சவாரி போவீர்கள். அதன் அருகில்தான் முன்பு வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், ஆளுநர் துய்ப்ளேக்சின் ஆணையால் அது இடித்துத் தள்ளப்பட்டது. அவருக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் அதை வயிறெரிந்து எழுதியிருக்கிறார். சம்பா கோவில் பாதிரிமார்கள் ஐம்பது ஆண்டுகளாக இதைக் கேட்டு வந்தார்கள் என்றும், முந்தைய ஆளுநர்கள், இது தமிழர் நாடு, கோயிலில் கை வைத்தால் அவப்பெயர் வரும், வணிகர்கள் வரமாட்டார்கள், ஊர் பாழாகும் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள் என்றும் அவர் குறிக்கிறார். பிறகு ஒரு மசூதியிலும் கை வைக்க முனைந்தபோது, சிப்பாய்களின் தலைவர் அப்துல் ரகுமான், தம் ஆட்கள் உயிரைக் கொடுத்துத் தடுப்பார்கள் என்று சொல்ல, ஆளுநர் நிறுத்திக்கொண்டாராம். துப்பாக்கி வைத்திருந்தவர்களின் வழிபாட்டிடம் தப்பியது.

அதற்கும் முன்பு, 1715 வாக்கில், இயேசு சபையினரின் வற்புறுத்தலால் இந்துக்களின் விழாக்களுக்குக் கட்டுப்பாடு வந்தபோது, நெசவாளர்களும் கூலியாட்களும் கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறினார்கள். துணி இல்லாமல் கம்பெனி வியாபாரம் ஏது? ஓட்டுரிமை இல்லாத காலத்தில் அந்த ஜனங்கள் காலால் போட்ட ஓட்டு அது என்று எனக்குத் தோன்றும். தலைமைத் தரகர் நயினியப்ப பிள்ளை 1716-ல் கைதாகி, மறு ஆண்டு சிறையிலேயே இறந்தார். மதம் மாற மறுத்ததும் அவர்மீது இருந்த பகைக்கு ஒரு காரணம். குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அவர் இறந்த பிறகு வந்தது.

சமத்துவம் என்று பிரான்சு பேசிய காலத்திலும் கதை சிக்கலானதே. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி, பொன்னுத்தம்பி பிள்ளை போன்றவர்கள் தங்கள் சாதி, சமய வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றார்கள். 1884-ல் வாக்காளர் பட்டியலே மூன்றாகப் பிரிக்கப்பட்டது: ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர். சமத்துவம் வந்தால் சாதியும் ஆசாரமும் போய்விடும் என்ற அச்சத்தை மூலதனமாக்கி, சண்முக வேலாயுத முதலியார் பழமைவாத அணியைத் திரட்டிப் பல ஆண்டுகள் புதுச்சேரித் தேர்தல்களை ஆட்டிவைத்தார். பெருமையைச் சொல்லுங்கள், தவறில்லை. இதையும் சேர்த்துச் சொன்னால் வெளியூர்க்காரர் இன்னும் கவனமாகக் கேட்பார்.

கேள்வி: பெரும்பான்மையினரின் மதவாதத்தை மட்டும் சாடுவீர்கள். சிறுபான்மையினரிடையே உள்ள தீவிரவாதம் பற்றி எழுதப் பேனா நடுங்குமே?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: நடுங்கவில்லை. 1998 பிப்ரவரி 14-ஆம் தேதி, மக்களவைத் தேர்தல் நேரத்தில், அத்வானி பேச வரவிருந்த நாளில், அல்-உம்மா அமைப்பினர் கோவையில் வைத்த குண்டுகளால் 58 பேர் இறந்தார்கள். காய்கறி வாங்க வந்தவரும் ரயில் ஏற வந்தவரும் அதில் உண்டு. அதற்கு முன் 1997 நவம்பரில் ஒரு போக்குவரத்துக் காவலர் கொல்லப்பட்டதும், தொடர்ந்த வன்முறையில் முஸ்லிம்கள் பலர் உயிரிழந்ததும் பின்னணி. பின்னணி என்பது நியாயம் ஆகாது. அந்தத் தேர்தலில் கோவை தொகுதியைப் பாரதிய ஜனதா கட்சி வென்றது. குண்டு வைத்தவர்கள் தங்கள் மக்களுக்கு ஈட்டிக்கொடுத்தது சந்தேகப் பார்வையும் சோதனைகளும்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்வேன். சிறுபான்மை அடிப்படைவாதம் முதலில் நெரிப்பது தன் சொந்தச் சமூகத்தின் குரலை, அதிலும் ஷா பானு போன்ற பெண்களின் குரலை. பெரும்பான்மை அடிப்படைவாதம் அரசு எந்திரத்தையே கைக்கொள்ள வல்லது. இரண்டும் தவறு, ஆனால் எட்டும் தூரம் வேறு. உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிற பரங்கிப்பேட்டையில், 2004 டிசம்பர் சுனாமியில் வீடிழந்து வந்த மீனவக் குடும்பங்களுக்கு முஸ்லிம் ஜமாஅத்தார் சோறு பொங்கிப் போட்டதும், தங்க இடம் கொடுத்ததும் உங்களுக்கே தெரியும். அந்த உறவு இருக்கும் ஊரில் இரு தரப்புத் தீவிரவாதிகளுக்கும் வேலை குறைவு.

கேள்வி: வள்ளலார் இன்று இருந்தால் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்?
– விவசாயி, வடலூர்

பதில்: தெரியாது, அவர் காலத்தில் நம் பக்கத்து ஜனங்களுக்கு ஓட்டே கிடையாது. ஆனால் சமயச் சண்டை அவரையும் விடவில்லை. அவர் பாடல்கள் அருட்பா அல்ல, மருட்பா என்று யாழ்ப்பாணத்துச் சைவ அறிஞர் ஆறுமுக நாவலர் தரப்பினர் எழுத, இவர் தரப்பினர் மறுப்பு எழுத, துண்டு நூல்கள் பறந்தன; 1869-ல் விவகாரம் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வந்தது. அங்கே என்ன முடிந்தது என்பதை இரு தரப்பும் இரு விதமாகச் சொல்கின்றன. வார்த்தைகள் கடுமையாகவே இருந்தன. இருந்தாலும் எழுத்துக்கு எழுத்து, வழக்குக்கு வழக்கு என்றே நடந்தது. எவரும் மற்றவரின் நூலைத் தடை செய்யச் சட்டமன்றத்தில் ஆள் சேர்க்கவில்லை. சேர்க்க, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றமும் இல்லை என்று நீங்கள் சிரிக்கலாம்.

கேள்வி: தேர்தலில் மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது குற்றம் என்கிறார்கள். எங்கள் குப்பத்துக்கு வருகிற வேட்பாளர்கள் கோயில், மாதா கோயில், தர்கா மூன்றிலும் கும்பிட்டுவிட்டுத்தான் பேசவே தொடங்குகிறார்கள். யாரிடம் புகார் செய்வது?
– மீனவர், கடலூர் முதுநகர்

பதில்: கும்பிடுவது குற்றம் அல்ல. மதத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பதே, 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3) பிரிவின்படி முறைகேடு. வேட்பாளரின் மதத்தை மட்டும் அல்லாமல், வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் அது பொருந்தும் என்று 2017 ஜனவரி 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு நான்குக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. வழிபாட்டுத் தலத்தைப் பிரசார மேடையாக்குவதையும் தேர்தல் நடத்தை விதிகள் தடுக்கின்றன.

சட்டம் கூர்மையானதுதான், நடை மெதுவானது. 1987 டிசம்பரில் மும்பையின் விலே பார்லே இடைத்தேர்தலில் மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்டதற்காக, வென்ற வேட்பாளரின் தேர்தலை உயர் நீதிமன்றம் 1989-ல் செல்லாததாக்கியது. உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது ஆண்டு 1995. அவருக்காகப் பேசிய சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே ஆறு ஆண்டுகள் ஓட்டுரிமையை இழந்தது 1999-ல்.

ஆகையால் உடனுக்குடன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். பேச்சைத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் என்ற கைப்பேசிச் செயலி வழியாகவே படம் பிடித்து அனுப்புங்கள். 100 நிமிடங்களுக்குள் நடவடிக்கை என்பது ஆணையம் வைத்திருக்கும் கெடு. மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியரிடம் எழுத்து மூலமாகவும் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தேர்தலே செல்லாது என்று கேட்பதானால், முடிவு அறிவித்த நாளிலிருந்து 45 நாட்களுக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட வேண்டும். தோற்ற வேட்பாளர்தான் போட வேண்டும் என்பதில்லை, அந்தத் தொகுதியின் வாக்காளர் எவரும் போடலாம். மனுவோடு 2000 ரூபாய் காப்புத்தொகை கட்ட வேண்டும். வழக்கறிஞர் செலவு தனி.